பாலத்தில் வாங்காத காசு

எங்கள் ஊர் மணல் மேட்டில் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி. பழவேற்காட்டில் இருந்து வருகிற ரோடு அக்கரையோடு நின்றுவிடும். நடுவில் ஒரு ஓடை. அதற்கு மேல்தான் பாலம்.

பாலம் என்றால் சிமெண்டுப் பாலம் இல்லை. சவுக்குக் கம்பம் ஊன்றி, மேலே பனம்பலகை பரப்பி, நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டியது. ஒரு பைக் போகும். எதிரில் ஆள் வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். கார்த்திகை மழையில் ஏரித் தண்ணீர் முகத்துவாரத்துக்கு இழுக்கும்போது பாதிப் பாலம் போய்விடும். வடிந்த பிறகு ஊரே இறங்கித் திரும்பக் கட்டும். வீட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும். கவர்மெண்டு பாலம் வரும் என்று சொல்கிறார்கள். மண் எடுத்துப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

ஊர் கட்டின பாலம் என்பதால் வெளியாள் காசு கொடுத்துத்தான் வர வேண்டும். ஆளுக்குப் பத்து ரூபாய். வண்டி இருந்தால் இருபது. வரும்போது மட்டும்தான். திரும்பிப் போகக் காசு இல்லை. ஊர்க்காரர்களுக்கு எப்போதும் இல்லை.

காசு வாங்குவதும் முறைதான். எங்கள் பக்கம் ஏரியில் வலை போடுவதற்குப் பாடு என்று ஒன்று உண்டு. இன்றைக்கு இந்த வீடு, நாளைக்கு அந்த வீடு என்று முறை போட்டு இறங்குவார்கள். அடுத்தவன் பாட்டில் யாரும் கை வைக்க மாட்டார்கள். கல்யாணமான ஆம்பிளைக்குத்தான் பாடு. பாலத்துக்கும் அதையே வைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் ஒரு வீடு. அன்றைக்கு விழுகிற காசு அந்த வீட்டுக்கு.

என் வீட்டுக்காரர் கடலுக்குப் போய் அங்கேயே செத்துப்போனார். அதோடு வலைப் பாடும் போனது. பாலப் பாட்டை மட்டும் எனக்கு விட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்து காசு வாங்குகிற வேலைதானே, பொம்பிளை செய்தால் என்ன என்று நாட்டார் சொன்னார். நாட்டார் என்றால் எங்கள் ஊர்த் தலைவர். பாலம் கட்ட என் வீட்டில் இருந்து வர வேண்டிய ஆளுக்குப் பதில் என் கொழுந்தனார் இரண்டு ஆள் வேலை செய்துவிடுவார்.

அக்கரையில் பாலம் தொடங்குகிற இடத்தில் கீற்று போட்ட ஒரு நிழல் இருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பெயிண்டு வாளி. வாளி மூடியில் ஓட்டை போட்டிருக்கும். குறுக்கே ஒரு கயிறு. காசு விழுந்தால் கயிற்றை இறக்குவோம். வார நாளில் யாவாரிகள் வருவார்கள், பாத்திரக்காரன் வருவான், டீச்சர் வருவார். டீச்சருக்குக் காசு இல்லை. ஞாயிற்றுக்கிழமைதான் வெளியாட்கள். கடல் பார்க்க வருவார்கள், பூநாரை பார்க்க வருவார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசாமல் கொடுக்க மாட்டார்கள். ஒருத்தன் காரை நிறுத்திவிட்டு வந்து, "இன்னாம்மா டோல்கேட்டா இது? என் வண்டியில ஸ்டிக்கர் ஒட்டிக்கிறேன், அதுல எடுத்துக்கோ" என்றான்.

"அப்ப வண்டி வரட்டும். நீ நீந்தி வா" என்றேன்.

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டு கொடுத்தான்.

இன்னொரு முறையும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது.

ஊரில் பிறந்த பெண்ணாக இருந்தாலும், வெளியூரில் கட்டிக்கொடுத்துவிட்டால் அதற்குப் பிறகு வரும்போது காசு கொடுக்க வேண்டும். அவள் வேறு ஊர்க்காரி. வெளியில் இருந்து கேட்கிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். பெற்ற வீட்டுக்கு வரப் பெண்ணிடம் காசா என்பார்கள். எங்களுக்கு அப்படித் தெரியாது. காசு கொடுக்கிற பெண் நல்லபடியாக இருக்கிறாள் என்று அர்த்தம். புதுசாகக் கல்யாணமானவள் முதல் தடவை வரும்போது பத்து ரூபாயை எல்லாரும் பார்க்கிற மாதிரி பிடித்துக்கொண்டு வந்து வாளியில் போடுவாள். அவளைப் பெற்றவளுக்கு அதைப் பார்க்க வேண்டும் என்று இருக்கும். நானும் பார்த்திருக்கிறேன்.

சாவுக்கு வந்தால் காசு இல்லை. தலைப்பிரசவத்துக்கு வந்தால் இல்லை. வாழாமல் வந்துவிட்டாலும் இல்லை. அப்படி வந்தவளிடம் வாங்க மாட்டார்கள். அவள் மறுபடி ஊர்க்காரி ஆகிவிடுவாள். வாயால் யாரும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. வாளியைப் பார்த்தால் போதும்.

எனக்கு ஒரே பெண். பழவேற்காட்டில் பத்தாவது வரை படித்தாள். சுண்ணாம்புக்குளம் பக்கம் ஒரு ஊரில் கொடுத்தேன். மாப்பிள்ளை ஏரியில் இறால் பிடிக்கிறவன். கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை என்று விசாரித்துத்தான் கொடுத்தேன். விசாரித்தது பொய் இல்லை. அவனுக்குக் கெட்ட பழக்கம் எதுவும் இல்லை.

இரண்டு வருடம் நன்றாக இருந்தாள். பொங்கலுக்கு வந்தாள், ஆடித் திருவிழாவுக்கு வந்தாள். காசு போட்டுவிட்டு வந்தாள். பிறகு வயிற்றில் இருந்தது தங்கவில்லை. பொன்னேரி ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். ஐந்தாம் மாதம் அது. வீட்டுக்கு வா என்று அழைத்தேன். வரவில்லை. அங்கேயே இருக்கிறேன் என்றாள். நானும் விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு தை மாதத்தில் ஒரு நாள் தனியாக வந்தாள்.

நான் அப்போது ஊரில் இல்லை. பழவேற்காட்டில் மீன் விற்றுவிட்டு, காலிக் கூடையோடு ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் எங்கள் ஊர்ப் பொம்பிளை ஒருத்தி. போனில் பேசிக்கொண்டே வந்தவள் என் பக்கம் திரும்பி, உன் பெண் வந்திருக்கிறாளாமே என்றாள். வந்தால் நல்லதுதானே என்றேன். அவள் போனை வைத்தாள்.

"துட்டு வாங்கலையாம்க்கா" என்றாள்.

ஆட்டோ நிற்கும் முன்பே கூடையைத் தூக்கிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனேன். பெண் வெளியில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பை உள்ளே சுவரோரம் இருந்தது. சின்னப் பைதான். மாற்றுப் புடவை இரண்டு வைக்கலாம். கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்றாள். அவனுக்குத் தெரிந்துதான் வந்தாயா என்றேன். தெரியும் என்றாள். அடித்தானா என்றேன். இல்லை. குடிக்கிறானா. இல்லை.

"பேச மாட்டேங்கிறாரும்மா" என்றாள். "சோறு போட்டா துன்றாரு. வலைய எடுத்துகினு போறாரு. வராரு. படுத்துக்கிறாரு. ஆஸ்பத்திரிலருந்து வந்ததுலருந்து ஒரு வார்த்தை இல்ல."

கோபமா என்று கேட்டேன். கோபம் மாதிரியும் இல்லை என்றாள். வீட்டில் நாற்காலி இருக்கிற மாதிரி நான் இருக்கிறேன் என்றாள். நான்கு நாள் இல்லாவிட்டால் தேடுவாரா என்று பார்க்கத்தான் வந்ததாகச் சொன்னாள்.

"பாலத்துல துட்டு குடுத்தியா?"

"நீட்டினேன். சித்தப்பாதான் கைய மடக்கி உட்டுட்டாரு."

அன்றைக்குப் பாலத்தில் பாடு என் கொழுந்தனாருடையது. என் வீட்டுக்காரரின் தம்பி. அவருக்கு மூன்றும் ஆம்பிளைப் பிள்ளைகள். என் பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவர். அவரைத் தேடிப் போனேன். படகுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து வலையில் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"இன்னா வேலை பண்ணி வச்சிக்கிற?" என்றேன்.

"இன்னா அண்ணி?"

"ஏன் துட்டு வாங்கல?"

"அழுதுகினு வருது. கண்ணு மூக்கெல்லாம் வீங்கிக் கெடக்குது. அதுங்கிட்ட எப்படிக் கேப்பேன்?"

"வாழாம வந்துட்டன்னு அவ உன்கிட்ட சொன்னாளா?"

"சொல்லல."

"அப்ப வாங்கி இருக்கணும். அழுதா இன்னா. அழுதுகினே குடுத்து இருப்பா."

அவருக்கு அப்போதுதான் விளங்கியது. திரும்ப உட்கார்ந்துவிட்டார். வலையைக் கையில் எடுத்தார், கீழே வைத்தார். பத்து ரூபாய்தானே என்று நினைத்தேன் அண்ணி என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் நிற்கவில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். அந்த நேரத்தில் பாலத்தில் ஐஸ் கொண்டுவந்தவன் நின்றிருக்கிறான். நண்டு வாங்குகிறவள் நின்றிருக்கிறாள். நண்டு வாங்குகிறவள் சாயங்காலம் சுண்ணாம்புக்குளம் பக்கம்தான் போவாள்.

மறுநாள் காலையில் போன் வந்தது. மாப்பிள்ளை இல்லை. அவன் தாய்மாமன். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். உங்கள் பாலத்தில் காசு வாங்கவில்லையாமே என்று கேட்டார். தெரியாமல் நடந்துவிட்டது என்றேன். காசு வாங்காமல் விடுவது தெரியாமல் நடக்கிற காரியமா என்றார். பெண்ணை நீங்களே எடுத்துக்கொண்டீர்கள், நல்லது, நாங்கள் பேச வேண்டியதைப் பேசிக்கொள்கிறோம் என்று வைத்துவிட்டார்.

அவர் குரலில் வருத்தம் இல்லை. இதற்குத்தான் காத்திருந்தவர் மாதிரி இருந்தது.

நான் என்ன செய்தேன் என்றால், பெண்ணைக் கிளப்பினேன். பையை எடு என்றேன். எதற்கு என்றாள். இன்றைக்குக் காசு கொடுத்துவிட்டு வா என்றேன். நேற்று நடந்ததை இல்லாமல் செய்ய எனக்கு வேறு வழி தெரியவில்லை. இரண்டு பேரும் பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போனோம். பஸ் நிற்கிற இடம் வரை நடந்தோம். பொன்னேரி பஸ் வந்தது. ஆட்கள் இறங்கினார்கள். அவர்களோடு சேர்ந்து திரும்பி நடந்து வந்தோம்.

அன்றைக்குப் பாடு எதிர் வீட்டுக்காரருக்கு. அவர் கடலுக்குப் போயிருந்ததால் அவர் மனைவி நாற்காலியில் இருந்தாள். அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

"இன்னாடி, நேத்து வந்தவ இன்னிக்குத்தான் வரியா? நடுவுல எங்க தங்கினே?"

என் பெண் பத்து ரூபாய் நாணயத்தை நீட்டினாள்.

"கார்த்தால நீதானே இந்தப் பக்கம் போன? நான் கண்ணு தெரியாதவளா?"

"வாங்குக்கா" என்றாள் என் பெண். "வாளியில போட்டாவே சத்தம் கேக்கும். நீ பார்க்க வாணாம்."

அவள் சிரித்துவிட்டாள். கயிற்றை இறக்கினாள். பஸ்ஸில் வந்தவர்களும் சிரித்தார்கள். காசு விழுந்தது. எல்லாரும் பார்த்தார்கள். ஆனால் பார்த்தவர்கள் யாரும் அதைக் காசு கொடுத்ததாக எடுத்துக்கொள்ளவில்லை. நாடகம் பார்த்தது மாதிரி எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பாலத்தில் வரும்போது எனக்கே அது தெரிந்துவிட்டது.

நாட்டாரிடம் போனேன். அவர் இரண்டு ஊரையும் வைத்துப் பேசிவிடலாம் என்றார். எங்கே உட்காருவது என்று ஒரு பேச்சு நடந்தது. எங்கள் ஊருக்குள் வந்தால் அவர்கள் காசு கொடுத்து வர வேண்டும், பெண் பஞ்சாயத்துக்குக் காசு கொடுத்து வர மாட்டோம் என்று அந்தத் தாய்மாமன் சொல்லிவிட்டார். கடைசியில் அக்கரையில் ஐஸ் கொட்டகைக்குப் பக்கத்தில் என்று முடிவானது.

அதற்கு நடுவில் ஒரு வாரம் போனது. பெண் காலையில் என்னோடு மீன் விற்க வந்தாள். திரும்பி வரும்போது ஒவ்வொரு நாளும் பத்து ரூபாயை எடுத்து நீட்டினாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பாட்டில் இருந்தவர்களுக்குத்தான் சங்கடம். ஒருவர் வாங்கினார். ஒருவர் வாளியைத் திருப்பி வைத்துவிட்டு ஏரியைப் பார்த்தார். என் கொழுந்தனார் அந்த வாரம் முழுக்க அவளோடு பேசவில்லை. பேசவில்லை என்றால் கோபம் இல்லை. முகம் கொடுக்க முடியவில்லை.

அந்த ஒரு வாரமும் மாப்பிள்ளையிடம் இருந்து போன் வரவில்லை. அவள் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சோறு தின்றாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

எனக்கு அவள் திரும்பிப் போக வேண்டும் என்றுதான் இருந்தது. அதை இங்கே மறைக்க வேண்டியதில்லை. அவன் அடிக்கிறவன் இல்லை, குடிக்கிறவன் இல்லை. பேசாத புருஷனோடு எத்தனையோ பேர் இருக்கிறார்கள். என் வீட்டில் ஆம்பிளை இல்லை. எனக்குப் பிறகு அவள் யார் கூட இருப்பாள் என்று நினைப்பேன். அவளிடமும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

பேச்சு நடந்த அன்றைக்கு அவர்கள் ஒரு வேனில் வந்தார்கள். மாப்பிள்ளை, தாய்மாமன், அவர்கள் ஊர் ஆட்கள் நான்கைந்து பேர். மாப்பிள்ளையின் அம்மாவும் வந்திருந்தாள், வேனை விட்டு இறங்கவில்லை. எங்கள் பக்கம் நாட்டார், ஊர்ப் பெரியவர்கள், என் கொழுந்தனார். அவர் எல்லாருக்கும் பின்னால் நின்றார். நானும் பெண்ணும் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்தோம். பாலத்துப் பாட்டில் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் இருந்தான். கல்யாணமாகி அப்போதுதான் முறையில் பங்கு வாங்கினவன். அன்றைக்குத்தான் அவனுக்கு முதல் பாடு. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

தாய்மாமன்தான் தொடங்கினார். எங்கள் பெண்ணை நாங்கள் அனுப்பவில்லை, அவளாக வந்தாள், வந்தவளைக் காசு வாங்காமல் உள்ளே விட்டீர்கள், அப்படியென்றால் அவள் உங்கள் ஊர்க்காரி, இன்னொரு ஊர்க்காரியை நாங்கள் எப்படி வீட்டில் வைத்துக்கொள்வது என்றார். நாட்டார், மறுநாள் காசு கொடுத்தாளே என்றார். ஒருவன் செத்த பிறகு மறுநாள் எழுந்து நடக்க முடியுமா என்று இவர் கேட்டார். கொஞ்சம் சத்தம் வந்தது. நாட்டார் கையைக் காட்டி அடக்கினார்.

"பாலத்துல குந்தினு கீறவன் தீர்ப்பு சொல்ற ஆளா?" என்றார் நாட்டார். "அவன் துட்டு வாங்குற ஆளு. ஊரு கூடிச் சொன்னாத்தான் தீர்ப்பு."

"அப்ப எதுக்குய்யா அவன அங்க குந்த வச்சிக்கிறீங்க? வாளி மட்டும் வச்சிட்டுப் போங்களேன்."

எங்கள் ஆட்களே இரண்டு பேர் சிரித்தார்கள். நாட்டாரும் உதட்டைக் கடித்துக்கொண்டார். பாலத்தில் இருந்த பையன் நாற்காலியில் இன்னும் நிமிர்ந்தான்.

என் கொழுந்தனார் முன்னால் வந்தார். தப்பு என்னுடையது, பிள்ளை அழுதது, நான் வாங்கவில்லை, அதற்கு அவளை ஒன்றும் சொல்லாதீர்கள் என்றார். கையைக் கூப்பினார். அவர் யாரையும் பார்த்துக் கை கூப்பி நான் பார்த்ததில்லை. தாய்மாமனும் கொஞ்சம் இறங்கி வந்தார்.

ரொம்ப நேரம் பேசி ஒரு வழி சொன்னார்கள். நாங்கள் அவளை எடுத்துக்கொண்டதாகவே இருக்கட்டும். திரும்பக் கட்டிக்கொடுப்பது மாதிரி கொடுத்துவிட வேண்டும். வெற்றிலை பாக்கு, பழம், புடவை, பூ என்று தட்டு வரிசை எடுத்து, ஊர் ஆட்கள் பத்துப் பேர் பாலம் வரை வந்து அனுப்ப வேண்டும். அப்படி வந்தால் அவள் மறுபடி அவர்கள் ஊர்ப் பெண். பழைய பேச்சு கிடையாது. நாட்டார் என்னைப் பார்த்தார். நான் சரி என்றேன். நல்ல வழியாகத்தான் பட்டது. வெள்ளிக்கிழமை என்று நாள்கூடச் சொன்னார்கள்.

எல்லாரும் எழுந்திருக்கப் போனார்கள். அப்போது என் பெண், ஒன்று கேட்க வேண்டும் என்றாள். நாட்டார் கேள் என்றார். அவள் நாட்டாரிடம் கேட்கவில்லை. ஐஸ் பெட்டியை விட்டு இறங்கி மாப்பிள்ளை முன்னால் போய் நின்றாள். அவன் மணலில் குந்தி ஒரு குச்சியால் கீறிக்கொண்டிருந்தான்.

"மாமா, இவங்க எல்லாம் சொல்ட்டாங்க" என்றாள். "நீ ஒரு வார்த்த சொல்லு. வான்னு சொல்லு. வெள்ளிக்கிழம வரைக்கும் வாணாம், இப்பவே வேன்ல ஏறிடறேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. பாவமாகத்தான் இருந்தது. பிறகு தாய்மாமனைப் பார்த்தான். வேனைப் பார்த்தான்.

"மாமா சொன்னதுதான்" என்றான்.

"அவரு சொன்னது கேட்டுச்சு. நீ சொல்றத கேக்கிறேன்."

அவன் குச்சியைக் கீழே போட்டான். அவ்வளவுதான். வேறு ஒன்றும் செய்யவில்லை. அவள் நின்று பார்த்தாள். நாங்கள் எல்லாரும் நின்று பார்த்தோம். 

பிறகு அவள் திரும்பிப் பாலத்துப் பக்கம் நடந்தாள். கீற்று நிழலுக்கு வந்தாள். நாற்காலியில் இருந்த பையன் எழுந்து நின்றுவிட்டான். காசு கேட்பதா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் முந்தானையில் முடிந்திருந்த காசை எடுக்கவில்லை. வெறும் கையை விரித்து அவனிடம் காட்டினாள்.

"இனிமே என்கிட்ட வாங்காத. ஊர்க்காரி" என்றாள்.

அவன் நாட்டாரைப் பார்த்தான். நாட்டார் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவன் கயிற்றை இறக்கினான். அவள் பாலத்தில் ஏறிப் போனாள்.

அவள் பாதிப் பாலம் போயிருப்பாள். அப்போது மாப்பிள்ளை எழுந்தான். மணலைக்கூடத் தட்டவில்லை. வேகமாகப் பாலத்துக்கு நடந்தான்.  போய் அவளைக் கூப்பிட்டுவிடுவான் என்று நினைத்தேன். பாலத்தில் இருந்த பையன் கயிற்றை ஏற்றிவிட்டிருந்தான். வெளியாள் ஒருவன் வருகிறான், அன்றைக்குப் பாடு தன்னுடையது. அதற்கு மேல் அவன் யோசித்திருக்க மாட்டான். கையை நீட்டினான்.

"பத்து ரூபா" என்றான்.

மாப்பிள்ளை சட்டைப்பையைத் தொட்டான். அதில் நோட்டு இருந்தது, வெளியில் தெரிந்தது. கையை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றான். கயிறு அவன் இடுப்புக்குத்தான் இருந்தது. தாண்டியும் போகலாம். பின்னால் இருந்து தாய்மாமன் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவன் கையை இறக்கினான்.

என் பெண் திரும்பிப் பார்க்கவில்லை. பலகைகள் ஆடின. அவள் அந்தப் பக்கம் இறங்கி வீட்டுக்குப் போய்விட்டாள்.

கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராவது கேட்பார்கள். எனக்குத் தெரியாது. அவளைக் கேட்டேன். அவளும் தெரியாது என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலமே அவள் சித்தப்பா வீட்டுக்குப் போனாள். என்ன பேசினார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை. திரும்பி வரும்போது அவர் கொடுத்த கெளுத்தி மீன் நான்கு கொண்டுவந்தாள்.

இரண்டு ஊரும் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். கல்யாணத்துக்கு நான் கொடுத்த சாமான்களைத் திருப்பி அனுப்பினார்கள். வேன் பாலத்தில் ஏறாது. அக்கரையில் இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். கட்டில், மிக்ஸி, கிரைண்டர், குடம், அண்டா, ஒரு இரும்பு பீரோ. பாத்திரங்களைப் பொம்பிளைகள் தலையில் தூக்கினோம். பீரோவுக்கு நான்கு ஆள் வேண்டியிருந்தது. கொழுந்தனார் முன்பக்கம் பிடித்தார். நடுப்பாலத்தில் ஒரு பலகை முறிகிற மாதிரி சத்தம் போட்டது. எல்லாரும் நின்றார்கள்.

பாட்டில் அன்றைக்கு எதிர் வீட்டுக்காரி. நாற்காலியில் இருந்து, "பீரோக்கு டிக்கெட்டு எடுத்தியாய்யா?" என்று கத்தினாள்.

"உன் கணக்குல எழுதிக்கோ" என்றார் கொழுந்தனார். முகம் சிவந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

என் பெண் கிரைண்டரின் கல்லைத் தூக்கிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் வந்தாள். நடக்கச் சொன்னாள். நின்றால்தான் பலகை முறியும் என்றாள். நடந்தார்கள்.

வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, பீரோ உள்ளே போகாது. கல்யாணத்துக்கு வாங்கினபோது அது பொன்னேரியில் இருந்து நேராக அந்த ஊருக்குப் போனது. எங்கள் வாசலை யாரும் அளந்து பார்க்கவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், படுக்க வைத்துப் பார்த்தார்கள். வெளியிலேயே இருக்கட்டும், தார்ப்பாய் போட்டு மூடலாம் என்று ஒருவர் சொன்னார். உப்புக் காற்றில் ஒரு மாதத்தில் துரு பிடித்துவிடும்.

என் பெண் கடப்பாரையை எடுத்து வந்து சித்தப்பாவிடம் கொடுத்தாள். வாசல் நிலையைப் பெயர்த்தோம். பீரோ உள்ளே போனது. நிலையை அன்றைக்கே திரும்ப வைக்க முடியவில்லை. சிமெண்டு வாங்கப் பழவேற்காட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அதுவரை வாசலில் பழைய வலை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டோம்.